இனோபத்தின் பின்னால் போன சமையலறை

இனோபத் கணவனோடு கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று காலை, அவள் பின்னாலேயே சமையலறையும் கிளம்பிப் போனது. மல்பெரி பழுத்து வாய்க்காலோரமெல்லாம் கறுப்பாகக் கொட்டிக் கிடந்த சமயம். சமையலறை, பிடுங்கிய வெங்காயம் மாதிரி அடிமண்ணை உதறிவிட்டு, காஸ் குழாயைத் தானே திருகி மூடிக்கொண்டு, திராட்சைப் பந்தல் கால்களில் இடித்துவிடாமல் ஒருக்களித்து முற்றத்தைக் கடந்து தெருவுக்கு வந்தது. அவள் நடந்த வேகத்திலேயே அதுவும் நடந்தது. அவள் வாய்க்காலைத் தாண்ட நின்றபோது அதுவும் நின்றது. குழந்தை வண்டிகளில் ரொட்டி அடுக்கி விற்கும் பெண்கள் வண்டிகளை ஓரம் தள்ளி வழி விட்டார்கள். முச்சந்தியில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் தன் கறுப்பு வெள்ளை வரி போட்ட கோலை உயர்த்தினார். நம்பர் பலகை இல்லாத ஒன்றின் மேல் எப்படி வழக்கு எழுதுவது என்று யோசித்துவிட்டுக் கோலை இறக்கிக்கொண்டார். இனோபத் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ பார வண்டி வருகிறது என்றே நினைத்திருக்கிறாள். அண்ணன் வாஹிதுல்லாவின் கதவைத் தட்டிவிட்டு நின்றபோதுதான், தோளுக்குப் பின்னால் கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். காஸை மூடிய பிறகு கெட்டில் எப்படிக் கொதித்தது என்று கேட்காதீர்கள். ஊரில் நடந்ததை எழுதி வைப்பவன் நான். காஸ் ஆபீஸ்காரன் அல்ல.

வாஹிதுல்லா லாரி ஓட்டுபவர். எதையும் அதன் அகலம் உயரம் பார்த்தே பேசுவார். கதவைத் திறந்தவர் தங்கையைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார், வாசலின் அகலத்தைக் கண்ணால் அளந்தார்.

"நீ ஒரு நாள் வருவேன்னு தெரியும். கட்டடத்தையும் கூட்டிட்டு வருவேன்னு யாரும் சொல்லலியே."

"நான் கூப்பிடலண்ணே. அதுவா வந்துச்சு."

"சரி, வந்தது வந்துட்டுது. கோழிக்கூண்டை நகத்தறேன், இரு."

இதற்குக் காரணம் ஒரு சொல். ருஷ்யர்கள் எங்கள் ஊரான கோகந்தை விட்டுப் போகும்போது விட்டுச் சென்ற சாமான்களில் 'ரெமோன்ட்' என்ற சொல்லும் ஒன்று. சுவரில் விழுந்த கீறலை மண் குழைத்துப் பூசினாலும் ரெமோன்ட்தான், சுவரையே பெயர்த்துப் போட்டு வீட்டின் முகத்தைத் திருப்பி வைத்தாலும் ரெமோன்ட்தான். பழைய ரூபிள் போய் புதுப் பணம் வந்த வருஷத்தில் இனோபத்துக்கும் பல் மருத்துவர் ஹைதராலிக்கும் கல்யாணம் ஆனது. ஆன முதல் மாதமே, இந்த வீட்டுக்கு ஒரு ரெமோன்ட் வேண்டும் என்று அவள் சொன்னாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னார். இப்படி ஒத்துப்போகிற ஜோடியா என்று இருவரும் பூரித்துப்போனார்கள். அவர் நினைத்தது, உளுத்த உத்தரத்தை மாற்றி, உதிர்ந்த பூச்சைச் சரிசெய்து, அப்பா கட்டினபடி வீட்டை அச்சு மாறாமல் புதுப்பிப்பது. அவள் நினைத்தது, சமையலறைக்கும் நடு அறைக்கும் இடையே இருந்த சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்குவது. இருவரும் வேறு வேறு வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியவருவதற்குள் மகள் நஃபீஸா பிறந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கப்படி பாப்லர் மரச் சட்டத்துக்குள் மண் உருண்டைகளை அடுக்கி, இரண்டு பக்கமும் வைக்கோல் கலந்த சேறு பூசிக் கட்டியது. நிலநடுக்கத்தில் ஆடும், விழாது. ஹைதராலியின் தந்தை எச்சரிக்கையான மனிதர் என்பதால் அதை இரட்டைச் சுவராக எழுப்பியிருந்தார். கையை ஒடுக்கிக்கொண்டால் அதன் தடிமனுக்குள் ஒரு ஆள் படுக்கலாம். நடுவில் குனிந்து போகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. அதில் நெற்றியை இடித்துக்கொள்ளாத விருந்தாளி எங்கள் மஹல்லாத் தெருக்களில் கிடையாது. என் நெற்றியில் இருக்கும் தழும்பும் அந்த வகையைச் சேர்ந்ததே.

ஹைதராலி நல்ல பல் மருத்துவர். அடைப்பதா பிடுங்குவதா என்று வாயைத் திறந்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். யோசித்துச் சொல்கிறேன் என்று நாம் சொல்வதற்குள் பல் தட்டில் கிடக்கும். ஊரில் பாதிப் பேர் வாயில் மின்னும் தங்கம் அவர் கைவேலை. அப்படிப்பட்டவரால் சொந்தச் சுவர் விஷயத்தில் மட்டும் முடிவெடுக்க முடியவில்லை. கேட்டால் அவரே தன்னைக் கிண்டல் செய்துகொள்வார். "அடுத்தவன் வாய்னா எனக்குப் பயமே கிடையாதுப்பா. வலிக்கப் போறது அவனுக்குத்தானே?"

மேஸ்திரி ஷோகிரை வரவழைத்தார்கள். ஷோகிர் யார் தேநீர் ஊற்றுகிறார்களோ அவர்கள் பக்கம் பேசுபவர். ஹைதராலி ஊற்றினால், "இந்தச் சுவர் சிங்கம் மாதிரிங்க டாக்டர், லேசா பூசினாப் போதும், உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்பார். இனோபத் ஊற்றினால், "இது சுவராம்மா? பாம்புப் புத்து. நாளைக்கே தட்டிடலாம்" என்பார். இப்படி இரண்டு பக்கமும் தேநீர் குடித்தபடி அவர் அந்த வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்ததில் அவருடைய மீசை நரைத்தது. ஒரு செங்கல்லும் வைக்கப்படவில்லை. வாங்கிப் போட்ட சிமெண்ட் மூட்டைகள் மழையில் நனைந்து கல்லாகி, முற்றத்தில் உட்காருவதற்கு வசதியாயின. தாஷ்கண்டிலிருந்து வந்த ஓடுகளின் நிறம் பழைய பாணி ஆகி, பிறகு மறுபடியும் புதுப் பாணி ஆனது. நஃபீஸாவைப் பெண் பார்க்க நமங்கானிலிருந்து வந்தவர்கள் கல்லாகிப் போன மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, என்ன இதெல்லாம் என்று கேட்டார்கள். ரெமோன்ட் நடக்கிறது என்றார் ஹைதராலி. எங்கள் வீட்டிலும் நடக்கிறது என்று சொல்லிச் சம்பந்தத்தை முடித்துக்கொண்டு போனார்கள். வீடு தயாராகாததால் கல்யாணத்தை வாடகை மண்டபத்தில் வைத்தார்கள். இனோபத் அன்று மண்டபத்தின் பெரிய கூடத்தை, கடையில் விலை கேட்காமல் பட்டுத் துணியைத் தடவிப் பார்ப்பவள் போல, சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற ஊர்க்காரர்கள் எங்களைப் பற்றிச் சொல்வது உண்மை. கோகந்துக்காரனுக்குச் சோறு இல்லாமல் இருக்க முடியும், ஒருவனை ஒருவன் கேலி செய்யாமல் இருக்க முடியாது. வியாழக்கிழமைதோறும் ஹைதராலியின் நடு அறையில் நாங்கள் கூடுவோம். ஒருவர் ஒரு சொல்லை எடுத்துப் போட, அடுத்தவர் அதையே வேறு அர்த்தத்தில் திருப்பி அடிக்க, பலாவ் சோற்றுத் தட்டு காலியாகும் வரை வாய்ச்சண்டை நடக்கும். ஹைதராலிதான் அதில் மன்னர். அவர் வாயைத் திறந்தால் நாங்கள் தொடையைத் தட்டிக்கொண்டு சாய்ந்துவிடுவோம். அப்படி ஒரு வியாழக்கிழமை, கசாப்புக்காரர் துர்சுன் அவரைச் சீண்டினார். ஏன் டாக்டர், வீட்டம்மா அந்தச் சுவரை இடிக்கச் சொல்கிறார்களாமே, எப்போது இடிக்கப் போகிறீர்கள் என்றார். ஹைதராலி ஏதோ பதில் சொன்னார். அறை அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து இனோபத் சின்னக் கதவு வழியாகக் குனிந்து தட்டோடு உள்ளே வந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தோம். பார்த்துவிட்டுப் பலாவைப் பார்த்தோம்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, சும்மா" என்றார் ஹைதராலி.

அவள் தட்டை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

ஹைதராலி குளியலறையிலிருந்து வெளியே வந்து பார்த்தபோது வீட்டின் கிழக்குப் பக்கம் திறந்து கிடந்தது. சமையலறை போனபோது சுவரும் அதோடு போய்விட்டது, சுவரை அவர்தான் இத்தனை வருஷம் காப்பாற்றி வந்தார் என்ற மரியாதைகூட இல்லாமல். மேஸ்திரி ஷோகிர் வந்து பள்ளத்தைச் சுற்றி நடந்து பார்த்து, "இடிப்புக் கூலி மிச்சம் டாக்டர்" என்றார். தேநீர் கிடைக்காது என்று தெரிந்ததும் போய்விட்டார். எங்கள் ஊர்க் காற்று பேர்போனது. பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கிறோம் அல்லவா, மலைக்கு அந்தப் பக்கத்துக் காற்றெல்லாம் எங்கள் வழியாகத்தான் நுழைய வேண்டும். அது இப்போது ஹைதராலியின் நடு அறை வழியாக நுழைந்தது. அவர் கட்டிய நீலத் தார்ப்பாயை ஒரே இரவில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கொண்டு சேர்த்தது. திரைச்சீலைகள் போயின. பட்டம் பெற்ற சான்றிதழ் போய், துர்சுனின் இறைச்சிக் கடைத் தராசில் இறங்கியது.

அவர் எங்களிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. காற்றோட்டமாக இருக்கிறது என்றார். ஆனால் மருத்துவமனையில் கருவிகளைக் கொதிக்கவைக்கும் பெட்டியில் முட்டை அவித்துத் தின்கிறார் என்பது நோயாளிகளுக்குத் தெரிந்துவிட்டது. கடைவாயைத் திறந்து காட்டியவர்களெல்லாம் முட்டை வாசனையோடு வீடு திரும்பினார்கள். மஹல்லாவில் இரண்டு கட்சி உண்டானது. கோபித்துக்கொண்டு போகிற பெண்ணைத் தடுக்கலாம், சமையலறையை எப்படித் தடுப்பது என்றது ஒரு கட்சி. பாத்திரமெல்லாம் இனோபத் சீதனமாகக் கொண்டுவந்தவை, பாத்திரம் போகிற இடத்துக்குத்தானே சமையலறை போகும், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றது இன்னொரு கட்சி. மஹல்லாத் தலைவி இரண்டு கட்சியையும் கூட்டி வைத்து விசாரித்துவிட்டு, இரண்டு பேரும் சொல்வது சரி என்று தீர்ப்பு சொன்னார். முடிவெடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள் சீக்கிரம் செய்துவிடுவோம்.

ஹைதராலி மச்சான் வீட்டுக்கு முதல் தடவை போனபோது அழைத்துவரப் போனது மனைவியை அல்ல, சமையலறையை. ஷோகிரையும், ஒரு டிராக்டரையும், கயிறுகளையும், வேடிக்கை பார்க்க எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். சமையலறை வாஹிதுல்லாவின் தோட்டத்தில் ஆப்ரிகாட் மரங்களுக்கு நடுவே, பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பது போல நின்றது. புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. இனோபத் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

"மச்சான், என் சமையலறையைக் குடுங்க" என்றார் ஹைதராலி.

"நான் என்ன பிடிச்சா வச்சிருக்கேன்?" என்றார் வாஹிதுல்லா. "வந்தா கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு, மரத்துல ஒரு கிளை ஒடஞ்சாலும் டிராக்டர் இங்கயே இருந்துடும்."

கயிற்றைச் சுற்றிக் கட்டி இழுத்தார்கள். சமையலறை அசையவில்லை. டிராக்டரின் பின் சக்கரங்கள் மெதுவாக மண்ணுக்குள் இறங்கின. இன்னும் வேகமாக இழுத்தபோது அச்சு வரைக்கும் இறங்கின. ஹைதராலி கோபத்தோடு உள்ளே நுழையப் போனார். கதவு நிலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்து அவர் நெற்றியில் இடித்தது, பிறகு சாத்திக்கொண்டது. நாங்கள் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். டிராக்டரைத் தோண்டி எடுக்கச் சாயங்காலம் ஆனது. அதுவரைக்கும் எங்கள் எல்லோருக்கும் சமையலறை ஜன்னல் வழியாகத் தேநீர் வந்துகொண்டே இருந்தது, ஒருவரைத் தவிர.

அதன் பிறகு வியாழக்கிழமைக் கூட்டங்கள் நின்றுபோயின. பலாவ் இல்லாமல் கேலி ஏறவில்லை. ஆப்ரிகாட் பழுத்தது, உலர்த்தினார்கள், திராட்சை கறுத்தது. காற்றுக்குப் பயந்து ஹைதராலி நடு அறையை விட்டுக் கடைசி அறைக்குக் குடிபோனார். ஒரு நாள் மத்தியானம், பாதி அடைத்த பல்லோடு ஒரு நோயாளியை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் வாஹிதுல்லா வீட்டுப் பக்கம் நடந்து போனதைப் பார்த்தோம். அந்த நோயாளி நான்தான். ஆகவே அதற்கு மேல் நடந்ததை இனோபத் பின்னால் எல்லோருக்கும் சொன்னதிலிருந்தும், ஹைதராலி தன்னைத்தானே திட்டிக்கொண்டு சொன்னதிலிருந்தும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்தத் தடவை கதவு திறந்திருந்தது. அவர் நன்றாகக் குனிந்து உள்ளே போனார். இனோபத் அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வாசலில் வந்து நிற்பவனை எங்கள் பக்கம் பெயர் கேட்பதற்கு முன்னால் உட்காரவைப்பார்கள்; அப்படி உட்காரவைத்தாள். பயறும் அரிசியும் போட்ட கிச்சடியை ஒரு கிண்ணத்தில் வைத்து, நடுவில் தயிர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் தின்றார். தன் வீட்டுச் சமையலறையில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் கிண்ணத்தை எடுக்க வந்திருக்கிறார், போயிருக்கிறார். உட்கார்ந்தபோதுதான் முட்டி அடுப்பில் இடித்தது. முதுகு சுவரில் இடித்தது. எதிரே அவள் நிற்கும் இடத்தில், இரட்டைச் சுவரின் பூச்சு தோள் உயரத்துக்கு ஒரு இடத்தில் மட்டும் கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தது. திரும்பும்போதெல்லாம் அவள் தோள் உரசி உரசி ஆனது. இப்போதும் உரசிக்கொண்டுதான் திரும்பினாள்.

வெளியே மரத்தடியில் வாஹிதுல்லாவும் பக்கத்து வீட்டுக்காரரும் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று இருவரும் பெரிதாகச் சிரித்தார்கள். ஹைதராலிக்கு இயற்கையாகவே காது அந்தப் பக்கம் போனது. சுவர் வழியாக வந்தது சிரிப்பு மட்டும்தான். மறுபடியும் முணுமுணுப்பு, மறுபடியும் சிரிப்பு.

"என்ன சொல்றாங்க?"

"தெரியாது."

"இவ்வளவு கிட்டக்க இருக்காங்க, கேக்கலியா?"

"இங்க வார்த்தை வராதுங்க" என்றாள் இனோபத், தேநீர்க் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே. "சிரிப்பு மட்டும்தான் வரும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான். வியாழக்கிழமைன்னா அந்தப் பக்கம் கும்மாளம். எதுக்குன்னு தெரியாது. தட்டைத் தூக்கிட்டு வந்தா நிப்பாட்டிடுவீங்க."

ஹைதராலி கிண்ணத்தைக் கீழே வைத்தார். அந்தச் சுவரை எடு என்று அவள் சொன்னபோதெல்லாம் அவர் கேட்ட கேள்விகள் பல உண்டு. உத்தரம் தாங்குமா, தூசி எங்கே போகும், அப்பா இருந்திருந்தால் என்ன நினைப்பார். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பெரிய சமையலறை வேண்டும் போலிருக்கிறது, பெண்களுக்கு அதுதானே வேண்டும் என்று அவரே பதிலும் வைத்திருந்தார்.

"அன்னிக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் அவள்.

அவர் பேச்சை மாற்றப் பார்த்தார். வெளியே போக எழுந்தார். கதவு மூடியிருந்தது. அதை அவர் மூடவில்லை, அவளும் மூடவில்லை.

"துர்சுன் கேட்டான், எப்ப இடிக்கப் போறேன்னு. நான் சொன்னேன்..." அவர் தரையைப் பார்த்தார். "பல்லுன்னா மரக்கிற ஊசி போட்டுட்டு வேலையை முடிச்சிடுவேன். எம் பொண்டாட்டிக்கு எத்தனை ஊசி போட்டாலும் வாய் மட்டும் மரக்க மாட்டேங்குதுன்னேன்."

அந்த நடு அறையில் பன்னிரண்டு ஆண்களைச் சாய்த்துப் போட்ட நகைச்சுவை, இந்தச் சின்ன அறையில், கிச்சடிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், செத்த குருவி மாதிரி கிடந்தது. இனோபத் அதைப் பார்த்தாள்.

"இதுக்கா தொடையைத் தட்டிச் சிரிச்சீங்க?"

"ஆமா."

"எனக்கு வாய் மரத்துப்போய் ரொம்ப வருஷம் ஆச்சுங்க. நடுவுல சுவர் இருந்ததால உங்களுக்குத் தெரியல."

ஹைதராலி அழுதார் என்று சிலர் சொல்கிறார்கள். வெங்காயம் நறுக்கி வைத்திருந்தது, அதுதான் என்கிறார் அவர். எப்படியானாலும், கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மன்னிச்சுக்கோ என்று சொன்னார். அவள் மிச்சமிருந்த வெங்காயத்தையும் கத்தியையும் அவர் பக்கம் தள்ளினாள். அவர் நறுக்க ஆரம்பித்தார். நறுக்கிக்கொண்டே, அவள் கேட்காமலேயே, அந்தச் சுவருக்கு அப்பால் இத்தனை வருஷமாகச் சொல்லப்பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் பேரை ஊரில் நிலைநாட்டிய பெரிய பெரிய பதிலடிகள். பக்கத்து ஊர் மார்கிலான்காரர்களைத் தோற்கடித்தது, தாஷ்கண்டிலிருந்து வந்த பேராசிரியரை வாயடைத்தது. சொல்லச் சொல்ல அவருக்கே வியர்த்தது. பாதி சொல்லும்போதே தெரிந்துவிடும், இதில் ஒன்றும் இல்லை என்று. ஆனாலும் நடுவில் நிறுத்த முடியாது. இனோபத் கவனமாகக் கேட்டாள், நோயாளியின் புகாரைக் கேட்கும் டாக்டர் போல. ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. சிலவற்றுக்கு, ஓ, அதுவா, என்றாள். வெயில் சாய்ந்து ஜன்னலில் விழுந்தபோது அவர் கையிருப்பு தீர்ந்துவிட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." பிறகு தயங்கினார். "துர்சுன் என்னைப் பத்திச் சொன்னது ஒண்ணு இருக்கு. அது வேணாம்."

"சொல்லுங்க."

"முற்றத்துல அந்த சிமெண்ட் மூட்டைங்க கல்லாச்சே, அன்னிக்கு... டாக்டர் வீட்ல ஒரு முடிவுக்கு வந்தது இந்த மூட்டைங்க மட்டும்தான்னான்."

இனோபத்துக்கு முதலில் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அவள் அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தலைத்துணி அவிழ்ந்து விழுகிற மாதிரி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஹைதராலி பார்த்ததில்லை. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பதை மறந்து அவரும் சிரித்தார். வெளியே கட்டிலில் வாஹிதுல்லாவும் பக்கத்து வீட்டுக்காரரும் பேச்சை நிறுத்திவிட்டு, உள்ளே எதற்குச் சிரிக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டார்கள். ஒன்றும் புரியவில்லை என்று வாஹிதுல்லா பின்னால் என்னிடம் வருத்தப்பட்டார். சிரிப்பு மட்டும்தான் கேட்டதாம்.

மறுநாள் இனோபத் வீட்டுக்கு நடந்தாள். ஹைதராலி பக்கத்தில், சமையலறை பின்னால். அதே போலீஸ்காரர் இந்த முறை கோலால் வழிகாட்டி மற்ற வண்டிகளை நிறுத்தினார். முற்றத்துக்கு வந்ததும் சமையலறை ஒருக்களித்து உள்ளே நுழைந்து, பழைய பள்ளத்தில் உட்கார்ந்தது. பிறகுதான் எல்லோரும் கவனித்தார்கள், மூன்று பக்கம்தான் வந்திருந்தது. இரட்டைச் சுவர் வரவில்லை. அது வாஹிதுல்லாவின் தோட்டத்திலேயே, சின்னக் கதவும் தோள் உரசின பளபளப்புமாகத் தனியாக நின்றுவிட்டது. இங்கே சமையலறையும் நடு அறையும் ஒன்றாகிக் கிடந்தன. உத்தரம் ஆடவில்லை. ஒரு பிடி தூசி விழவில்லை.

யார் ஜெயித்தது என்பதில் இன்று வரைக்கும் தகராறு உண்டு. "நான் ஒரு செங்கல்லைத் தொடல, எதையும் இடிக்கல, அப்பா கட்டினது அப்படியே இருக்கு, இடம்தான் வேற" என்கிறார் ஹைதராலி. "சுவர் இல்ல, அவ்வளவுதான் எனக்கு" என்கிறாள் இனோபத். ஷோகிர் இருவரையும் ஆமோதித்தார். அவருக்கு இருவரும் ஒரே கெட்டிலிலிருந்து ஊற்றினார்கள். வாஹிதுல்லாவுக்குத்தான் சங்கடம், போகிறபோது உங்கள் சுவரையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, மத்தியான வெயிலில் அதன் நிழல் லாரிக்குச் சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமைகள் மறுபடியும் ஆரம்பமாயின. முதல் வாரம் துர்சுன் வழக்கம்போல எதையோ எடுத்துப் போட, நாங்கள் ஹைதராலியின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கையில், அடுப்படியிலிருந்து கேரட் நறுக்கிக்கொண்டே இனோபத் ஒரு வார்த்தை சொன்னாள். துர்சுனின் தங்கப் பல் தெரிய வாய் திறந்தபடி நின்றது. இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று எங்களுக்குப் புரிந்தது. இருபது வருஷத்துச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு, அதற்கு முன்னால் என்ன வார்த்தை இருந்திருக்கும் என்று அவளாகவே யோசித்து வைத்திருக்கிறாள். அவள் யோசித்தவை நாங்கள் சொன்னவற்றைவிட மேல். மார்கிலான்காரர்கள் கேள்விப்பட்டு ஒரு குழுவாக வந்தார்கள். பலாவ் பாதியிருக்கும்போதே மிச்சத்தைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். ஹைதராலி இப்போது வெங்காயம் நறுக்குகிறார். நன்றாக நறுக்குகிறார். பல் பிடுங்கும் கை அல்லவா, கண்ணீரும் வருவதில்லை.

சமையலறை அவளை விட்டு இருப்பதில்லை. அது பழகிவிட்டது, நாங்களும் பழகிவிட்டோம். அவள் கல்யாண வீட்டுக்குப் போனால் அதுவும் போய் வாசலில் நிற்கும். அந்த வீட்டுக்காரர்கள் அதற்கும் சேர்த்து இடம் விட்டுப் பந்தல் போடுவார்கள். போன இலையுதிர்காலத்தில் நஃபீஸாவுக்குப் பிரசவம் என்று இனோபத் நமங்கானுக்கு ரயில் ஏறினாள். சமையலறை ஸ்டேஷன் வரைக்கும் வந்தது. பெட்டியின் கதவுக்குள் நுழையாது என்று தெரிந்ததும் பிளாட்பாரத்தை மறைக்காமல், வெளியே டாக்சிகள் நிற்கிற இடத்தில் ஒதுங்கி நின்றுகொண்டது. ஸ்டேஷன் மாஸ்டர் வந்து பார்த்தார், எப்போது வருகிறார்களாம் என்று கேட்டார், பேரன் பிறந்த பிறகு என்றோம், சரி என்றார். அவள் திரும்புகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது. குளிர் ஆரம்பித்துவிட்டதால் டாக்சிக்காரர்கள் திறந்திருந்த பக்கமாக உள்ளே போய்த் தேநீர் போட்டுக் குடித்தார்கள்; குடித்துவிட்டுக் கிண்ணங்களைக் கழுவி, எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த சவாரிக்குப் போனார்கள்.